தராசின்மேல் நின்ற நாள்



இருபத்தெட்டு ஆண்டுகளாகப் பிரசங்க பீடத்தில் நிற்கிறவன் நான். ஆனாலும் பெங்களூரின் ஒரு மருத்துவமனையில் தராசின்மேல் நின்ற அந்த ஒரு நிமிடத்தில்தான் என் முழங்கால்கள் தள்ளாடின. எடை 98 கிலோ. உயரம் 165 சென்டிமீட்டர்.

செரிமானக் கோளாறுக்காக எடுத்த ஸ்கேனில், இடது சிறுநீரகத்தில் 3 சென்டிமீட்டர் அளவுள்ள கட்டி ஒன்று தென்பட்டது. வலி இல்லை, சிறுநீரில் இரத்தமும் இல்லை. சிறிய சிறுநீரகக் கட்டிகள் பலவும் இவ்விதமே, வேறொன்றைத் தேடும்போதுதான் வெளிப்படுகின்றனவாம். கட்டியை மட்டும் அகற்றி, மீதிச் சிறுநீரகத்தைக் காப்பாற்றலாம் என்றார் அறுவை மருத்துவர். அதன்பின் சற்றுத் தயங்கி, "பாஸ்டர், உங்கள் எடையைக் குறித்தும் பேச வேண்டும்" என்றார்.

எனக்குள் கோபம் மூண்டது. மதுவையும் புகையிலையையும் தொடாதவன் நான். ஆனால் வீடு சந்திக்கச் செல்லும் இடமெல்லாம் காபி, பஜ்ஜி. ஸ்தோத்திரக் கூட்டம் என்றால் பிரியாணி. அன்போடு வைக்கப்பட்ட தட்டை நான் ஒருநாளும் தள்ளியதில்லை. அதை ஊழியத்தின் ஒரு பகுதியாகவே எண்ணியிருந்தேன்.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தின் மீட்டர் அளவால் இருமுறை வகுத்தால் வருவது உடல் எடைக் குறியீடு. இந்தியருக்கு 23-ஐத் தாண்டினால் அதிக எடை என்றும், 25-ஐ எட்டினால் உடற்பருமன் என்றும் 2009-இல் நம் நாட்டு வல்லுநர்கள் வரையறுத்தார்கள். எனக்கு வந்த எண் 36.

பருமனான சரீரத்தில் மயக்க மருந்து கொடுப்பதும் சுவாசத்தைப் பேணுவதும் கடினம். அறுவை நேரம் நீளலாம், இரத்தப்போக்கு கூடலாம், காயத்தில் சீழ் பிடிக்கலாம், கால் இரத்த நாளத்தில் உறைந்த இரத்தம் நுரையீரலுக்குச் செல்லவும் கூடும். பக்கவாட்டில் நெடுநேரம் படுக்க வைப்பதால், பாரம் அழுத்தும் தசைகளும் நலிவடையலாம். சிறுநீரகத்தைச் சுற்றி இயல்பாகவே கொழுப்பு உண்டு. சிலருக்கு அது பசைபோல் ஒட்டிக்கொண்டு, கட்டியைப் பிரித்தெடுப்பதைக் கடினமாக்குமாம்.

"அப்படியானால் எனக்கு அறுவை ஆகாதா?" என்று என் மனைவி கலங்கிப்போய் என் சார்பில் கேட்டாள். "அப்படியல்ல அம்மா. சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி, ரோபோ முறைகளில் பருமனானவர்களும் நலமாகத் திரும்புகிறார்கள். ஆபத்து சற்று அதிகம், ஆகவே ஆயத்தமும் அதிகம் வேண்டும்" என்றார். சிறுநீரகத்தை லேப்ராஸ்கோப்பி மூலம் முதன்முதலில் அகற்றியவர் அமெரிக்க மருத்துவர் ரால்ஃப் கிளேமன், ஆண்டு 1990. அதற்குமுன் நீண்ட வெட்டுதான் வழி.

நான் ஒரு யோசனை சொன்னேன். "நாற்பது நாள் உபவாசம் இருக்கிறேன், ஜெபமும் ஆகும், எடையும் குறையும்." மருத்துவர் தலையசைத்து மறுத்தார். பட்டினியால் கொழுப்போடு தசையும் கரையும்; புரதம் குறைந்தால் காயம் ஆறத் தாமதமாகும்; மிக மெலிந்து சத்துக் குன்றியவர்களுக்கும் அறுவை ஆபத்தே என்றார். அன்றிரவு நான் என்னையே சோதித்துப் பார்த்தேன். அந்த உபவாசத்தை நான் தேவனுக்காகவா வைத்தேன், தராசுக்காகவா? விடை எனக்குத் தெரிந்தே இருந்தது. உபவாசத்தை விட்டேன், ஜெபத்தை விடவில்லை.

சிறிய கட்டி என்பதால் நான்கு வாரம் பொறுக்கலாம் என்று மருத்துவர் அனுமதித்தார். எல்லோருக்கும் இப்படிக் காத்திருக்க இயலாது. அதை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். அல்சூர் ஏரிக்கரையில் காலைதோறும் நடந்தேன். மூச்சை உள்ளிழுத்துப் பந்துகளை உயர்த்தும் சிறு கருவியை நாள்தோறும் பயன்படுத்தினேன். சோற்றைக் குறைத்து, பருப்பும் முட்டையும் கீரையும் உண்டேன். குறைந்தது 4 கிலோ மட்டுமே. ஆனால் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் வந்தன.

அறுவை நாளில், சொன்ன நேரம் கடந்தும் கதவு திறக்கவில்லை. வெளியே என் மனைவி ஒருத்தியாய்த் தவித்தாள். கொழுப்பு ஒட்டியிருந்ததால்தான் தாமதம் என்று பின்பு தெரிந்தது. கட்டி முழுமையாக அகற்றப்பட்டது, சிறுநீரகமும் தப்பியது. ஒரு துளையில் மட்டும் நீர் கசிந்து, ஆற மூன்று வாரமாயிற்று.

பிரியமானவர்களே, நோயாளியைச் சந்திக்கும்போது, "நீ பருத்ததால் வந்த நோய்" என்று சொல்லாதிருங்கள். உடற்பருமனும் புகைப்பழக்கமும் உயர் இரத்த அழுத்தமும் சிறுநீரகப் புற்றுநோயின் அபாயத்தைக் கூட்டுகின்றன என்பது உண்மையே. ஆயினும் மெலிந்தவருக்கும் அது வருகிறது. குற்றச்சாட்டு யாரையும் குணமாக்காது. அதேவேளையில் தராசுக்குப் பயந்து ஒளியவும் வேண்டாம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 100 பெண்களில் ஏறக்குறைய 40 பேர் அதிக எடையுள்ளவர்கள். நம் சபைகளிலும் நிலைமை வேறாக இராது.

இப்போது வீடு சந்திக்கச் செல்லும்போது, பஜ்ஜித் தட்டை வைக்கும் சகோதரியிடம், "அம்மா, ஒரு குவளை மோர் போதும்" என்கிறேன். முதலில் அவர்கள் முகம் வாடியது. இன்று சில வீடுகளில் அவர்களும் என்னோடு மோரே அருந்துகிறார்கள்.