கண்ணுக்குத் தெரியாத தூள்

புனித சூசையப்பரின் தச்சுக்கூடத்தைக் காட்டும் படங்களில் தரையெங்கும் மரச்சுருள்கள் கிடக்கும். பார்வைக்கு அவை அழகு. எவருக்கும் தீங்கு செய்யாதவை. தீங்கு செய்வதோ எந்த ஓவியரும் வரைய இயலாத நுண்ணிய தூள். வீட்டில் மரவேலை செய்ய விரும்புவோர் இவ்விரண்டின் வேறுபாட்டை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

பணி ஓய்வுக்குப் பின், பெசன்ட் நகரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் ஒரு சிறு பட்டறை அமைத்தேன். எனக்குத் தொழில் கற்பித்த முதியவர் நாற்பதாண்டுகள் தேக்கும் ஈட்டியும் அறுத்தவர். பேச்சின் நடுவே இருமுவார். "தச்சன் நெஞ்சிலே பாதி மரந்தான், ஐயா" என்று சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பேரனுக்கு ஆஸ்துமா உண்டு. அவனோ தாத்தாவின் பக்கத்தை விட்டு நகராதவன். "பட்டறையும் இருக்கட்டும், பிள்ளையும் நலமாய் இருக்கட்டும், இரண்டுக்கும் ஒரு வழி பாருங்கள்" என்றாள் என் மனைவி.

ரம்பம் உதிர்க்கும் பெருந்தூள் உடனே தரையில் விழுந்துவிடும். உப்புத்தாளும் தேய்க்கும் இயந்திரமும் எழுப்பும் தூளோ, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கினும் சிறியதாய், மணிக்கணக்கில் காற்றில் மிதந்து நுரையீரல் வரை செல்லும். அது ஆஸ்துமாவைத் தூண்டவல்லது. தேக்கு, ஈட்டி ஆகியவற்றின் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும்.

இங்கிலாந்தில் நாற்காலி செய்வதற்குப் பெயர்பெற்ற ஊர் ஹை விக்கம். 1960-களில் அங்கு மரச்சாமான் தொழிலாளரிடையே அரிய வகை மூக்குப் புற்றுநோய் மிகுந்திருப்பதை மருத்துவர் எஸ்மி ஹாட்ஃபீல்டும் பிறரும் கண்டனர். 1995-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளைப் புற்றுநோய் விளைவிப்பவற்றின் முதற்பிரிவில் சேர்த்தது. ஆண்டுக்கணக்கில் தூளிலேயே உழைத்தவர்க்கு நேர்ந்தது அது. பொழுதுபோக்காய்ச் செய்வோர் அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. ஆயினும் அசட்டை கூடாது.

எங்கள் பால்கனி கிழக்குப் பார்த்தது. கோடையில் நண்பகலையொட்டிக் கடற்காற்று எழுந்துவிட்டால், தூள் முழுவதும் வீட்டுக்குள் வந்துவிடும். விடியற்காலையில் தரைக்காற்று அதை வெளியே கொண்டுபோகும். வெளியே என்றால் எங்கே? அடுத்த வீட்டார் உலர்த்திய துணியின்மேலும் அவர்கள் குழந்தையின் தொட்டிலின்மேலும் அல்லவா! நம் வீட்டுத் தூசியை அயலார் வீட்டுக்கு அனுப்புவது தூய்மை ஆகாது. ஆதலால் தூளை அது பிறக்கும் இடத்திலேயே பிடிப்பதுதான் முறை.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. இழைப்புளியால் முடியும் வேலைக்கு உப்புத்தாளை எடுப்பதில்லை. இழைப்புளி தருவது சுருள், தூளன்று. தேய்த்தே ஆகவேண்டுமெனில், தூசி உறிஞ்சும் கருவியின் குழாயை இயந்திரத்தின் வாயிலேயே பொருத்துகிறேன். அக்கருவியில் ஹெப்பா வடிகட்டி இருத்தல் நலம். இல்லையேல் நுண்தூள் பின்புறமாக மீண்டும் அறைக்குள் பாயும். 2020-இன் கொள்ளைநோய்க் காலத்தில் நாமெல்லாம் பழகிய என்-95 முகக்கவசம் இங்கும் உதவும். ஆனால் முகத்தோடு படிந்திருக்க வேண்டும். வேலை முடிந்ததும் அதைக் கழற்ற அவசரப்படலாகாது. துடைப்பத்தால் பெருக்கினால் படிந்த தூள் மீண்டும் எழும். ஈரத்துணியால் துடைப்பதே நன்று. சட்டையை மாற்றிய பின்னரே வீட்டினுள் நுழைகிறேன்.

தேய்க்கும் வேலையெல்லாம் பேரன் பள்ளியில் இருக்கும் பொழுதில், கதவை அடைத்துக்கொண்டு நடக்கும். இழைக்கும் வேலை மட்டும் சனிக்கிழமைகளில், ஈரத்துணியால் துடைத்து முடித்த பட்டறையில், அவன் அருகிருக்க நடைபெறும். சுருள்களைப் பொறுக்கிச் சேர்ப்பது அவன் பொறுப்பு. முதியவரிடமிருந்து கைத்தொழில் எனக்கு வந்தது. என்னிடமிருந்து அவனுக்குப் போகட்டும். இருமல் மட்டும் போக வேண்டாம்.