ஏ40இன் கறுப்பு

யாழ்ப்பாணத்து வெயில் காரின் கூரையையும் பொனற்றையும்தான் முதலில் தின்னும். கதவோரம் கறுப்பாகவே நிற்க, மேற்பக்கம் சாம்பல் பூத்துவிடும். பெரியப்பாவின் ஒஸ்ரின் ஏ40 சோமர்செற் உமக்கும் ஞாபகம் இருக்குமே. 1952க்கும் 1954க்கும் இடையில் இங்கிலாந்தில் செய்த வண்டி. கலியாணம், செத்தவீடு, பிள்ளைப்பேறு எல்லாத்துக்கும் ஒழுங்கைக்குள் அதுதான் ஹயர். சந்நிதிக் கோயிலுக்குப் போகையில் யன்னலோரத்துக்கு நீரும் நானும் பிடித்த சண்டை கொஞ்சமா?

விடியமுதல் கிணற்றடி. கப்பி கிறீச்சிடுகிறது, குசினியிலிருந்து கோப்பி மணம் வருகிறது. எங்கட தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் ஊறி வாறது. வெயிலில் காயவிட்டால் புள்ளி புள்ளியாக வெள்ளை படியும். அதனால் பெரியப்பா சூரியன் பனைக்கு மேலே ஏறமுதல் காரைக் கழுவி, பழைய சாரத்துண்டால் ஒற்றி எடுத்துவிடுவார்.

பிறகு பெயின்ற் தேய்க்கிற கொம்பவுண்ட் பேணி திறக்கும். அந்த மணம் இப்பவும் மூக்கில் நிற்கிறது. அந்தக்காலப் பெயின்றுக்கு மேலே இப்போதைய கார்களின் கண்ணாடிப் பூச்சு கிடையாது, நிறமே மேல்தோல். வெயில் பட்டுப்பட்டு நிறத்தைப் பிடித்துவைத்திருக்கும் பிசின் செத்து, மேலே தூளாய் நிற்கும். அந்தத் தூள் போனால் போதும். கையகலம் கையகலமாகத் தேய்க்கிறார். துணி கறுக்கக் கறுக்க, பொனற்றில் வேப்பங்கிளை தெரியத் தொடங்குகிறது. விளிம்புகளில் பூச்சு மெல்லிசு, கொஞ்சம் அழுத்தினாலும் அடிப்பூச்சு பல்லிளிக்கும்.

"நெளிவில அமத்தாதை மோனை, சும்மா தடவு."

1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை. காபரேற்றருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடிய காலம். கொம்பவுண்டுக்கு எங்கே போவது? தேங்காயெண்ணெய் பூசி இரவு ஊறவிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து முழுகவார்க்கிற மாதிரித்தான் காலையில் துடைப்பார். வரண்ட பூச்சு எண்ணெயைக் குடித்துக் கொஞ்சம் நிறம் எழும்பும். ஒழுங்கைப் புழுதி பின்னேரமே அதில் ஒட்டிவிடும். அவர் திரும்பவும் துணியை எடுப்பார்.

1995 ஒக்ரோபர் யுத்த இடப்பெயர்வில், மழைக்குள், கூரைமேல் மெத்தையும் பாத்திரமும் கட்டிக்கொண்டு நாவற்குழிப் பக்கம் ஊர்ந்தோம். கயிறு அரைத்த இரண்டு கோடுகள் கூரையில் விழுந்தன. எந்தக் கொம்பவுண்டுக்கும் போகவில்லை. பிறகு பெரியப்பாவும் அவற்றை மட்டும் தேய்ப்பதில்லை.

இப்போது கார் என்னிடம். கராஜ் பெடியங்கள், "முழுக்கச் சுரண்டி அடிச்சாப் புதுசா வரும், அண்ணை" என்கிறார்கள். வரும்தான், நல்லாவே மினுங்கும். ஆனால் பெரியப்பா கைபட்ட கறுப்பு அந்தச் சுரண்டலோடு போய்விடுமே. பூச்சில் உயிர் இருக்குமட்டும் ஸ்பிறே பிடிக்கக்கூடாது என்பதுதான் என் எண்ணம். ரொறன்ரோவிலிருந்து அவருடைய மகன் கேட்கிறான், காரை என்ன செய்யப் போகிறேன் என்று. அங்கே அவன்ர காரை மெஷின் கழுவிவிடுகிறதாம். நான் கொம்பவுண்ட் வாங்கிவிட்டேன். பின்கதவின் கீழ்மூலையில் தொடங்குகிறேன். கூரைக்கு மெழுகு மட்டும்.