யாரும் கண்டுகொள்ளாத ஐஆர்க்யூ

திங்கள், இரவு

தேரடியில் மெட்ரோவை விட்டு இறங்கும்போது மணி ஒன்பதே முக்கால். எண்ணூர்ப் பக்கம் ஒரு யார்டில் எங்கள் எடைமேடை போர்டு மறுபடி படுத்துவிட்டது. லாரி ஏறுகிறது, திரையில் எடை அசையவில்லை. லாக்கில் கெர்னல் விட்டுச் சென்றது ஒரே புலம்பல்: இந்த ஐஆர்க்யூவை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒரு லட்சம் இன்டரப்டில் 99,900-க்கு மேல் எந்த ஹேண்ட்லரும் ‘என்னுடையது’ என்று ஏற்காவிட்டால் லினக்ஸ் அந்த லைனையே மூடிவிடும். நியாயமான கோபம்தான்.

செவ்வாய்

டிரைவரைத் திறந்தேன். திட்டுவதற்கு வேறு ஆள் இல்லை, எழுதியது நான்.

சென்சார் சிப் ஐ2சி-யில் இருக்கிறது. ஐ2சி-யில் படிக்கக் காத்திருக்க வேண்டும்; இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள் தூங்கக் கூடாது. அதனால் அன்றைக்கு ஹேண்ட்லரில் லைனை மூடி, படிக்கும் வேலையை ஒர்க்கியூவில் போட்டு, முடிந்ததும் லைனைத் திறந்து, நடுவில் ‘பிஸி’ என்று ஒரு ஃபிளாக், அந்த ஃபிளாக்குக்குக் காவலாக ஒரு ஸ்பின்லாக்.

மத்தியானம் சிக்கியது. ஐ2சி ரீட் தோற்றால் லைனைத் திறந்துவிடுகிறேன், ஃபிளாக்கை மட்டும் இறக்கவில்லை. சிப் விடாமல் கூப்பிடுகிறது. ஹேண்ட்லர் ஃபிளாக்கைப் பார்த்து ‘எனக்கில்லை’ என்று கைவிரிக்கிறது. லட்சம் எட்ட எவ்வளவு நேரமாகும்?

புதன்

ஃபிளாக், லாக், ஒர்க்கியூ எல்லாவற்றையும் அழித்தேன். த்ரெடட் இன்டரப்ட் 2009-லேயே, 2.6.30 கெர்னலில் வந்துவிட்டது; தாமஸ் கிளைக்ஸ்னரின் வேலை. ஹேண்ட்லருக்கென்று தனி த்ரெட், அதற்குள் தாராளமாகத் தூங்கலாம். ‘ஒன்ஷாட்’ என்று சொல்லிவிட்டால் த்ரெட் முடியும்வரை லைனைக் கெர்னலே மூடி வைத்திருக்கும். நான் கையால் செய்து சொதப்பியது இதைத்தான். 140 வரி 38 ஆனது. ரீட் தோற்றாலும் த்ரெட் மறுபடி எழும், மறுபடி படித்துப் பார்க்கும்.

வியாழன்

யார்டு கேட்டில் செக்யூரிட்டி அண்ணன் லாரி நம்பரைக் குறித்துக்கொண்டு டோக்கனை நீட்டினார், அவ்வளவுதான். எடை போடுவதும் பில் அடிப்பதும் உள்ளே. அவரே எல்லாம் பார்த்தால் கியூ திருவொற்றியூர் வரை நிற்கும்.

பெட்டியைத் திறந்தால் கனெக்டர் பின்கள் உப்புக் காற்றில் பச்சை பூத்திருந்தன. ரீட் தோற்றதற்குக் காரணம் அதுதான். அதற்குக் கோடில் மருந்து கிடையாது. கனெக்டரை மாற்றி, மூடிக்கு ரப்பர் கேஸ்கட்டும் போட்டேன்.

சாயங்காலத்துக்குள் 61 லாரி ஏறி இறங்கின. லாக்கில் புலம்பல் இல்லை.