பொம்மைச் சட்டையில் ஒரு தாமரை

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

மூன்று மாதமாக எங்கள் வீட்டு மேசையில் ஒரு பாபிப் பொம்மை நிற்கிறது. வருகிற போகிற எல்லாரும், "டீச்சர், இந்த வயசுல பொம்மை விளையாட்டா?" என்று கேட்டுவிட்டார்கள். அதற்கான பதில்தான் இது.

கனடாவில் இருக்கும் எங்கள் உறவுக்காரப் பிள்ளை ஒருத்தி பாபி சேகரிக்கிறாள். பெட்டி பிரிக்காத பொம்மைகளே ஒரு அலுமாரி நிறைய இருக்கிறதாம். எலிசபெத் மகாராணி 1953 ஜூன் 2 இல் முடிசூடியபோது உடுத்த கவுனைப் பொம்மை அளவில் தைத்துத் தரக் கேட்டாள். நாங்களும் யோசிக்காமல் சரி என்றோம். நாங்கள் என்றால் ராத்தாவும் தங்கச்சியும் உம்மாவும். ஒருத்திக்கு வரலாற்றுப் பாடம், படம் தேடி விபரம் வாசிப்பது அவள் வேலை. மற்றவள் கலியாணச் சட்டை தைக்கிறவள். முத்து வேலை உம்மாவுடையது.

பாபி மனுசரில் ஆறில் ஒரு பங்கு. அளவை ஆறால் பிரித்தால் முடிந்தது என்று நினைத்தோம். துணியின் தடிப்பை யார் பிரிப்பது? சாட்டின் துணியில் வெட்டிய முதல் பாவாடை குடை விரித்த மாதிரி நின்றது. அசல் கவுனில் எம்பிராய்டரியின் பாரம் தாங்க உள்ளே குதிரைமயிர்த் துணி வைத்துத் தைத்தார்களாம். எங்களுக்கு நேர் எதிர்க் கஷ்டம், பாரம் போதாமல் துணி விழவே இல்லை. கடைசியில் மெல்லிய பட்டில் வெட்டி, நனைத்து, ஒவ்வொரு மடிப்பிலும் ஈர்க்குக் கட்டி நிழலில் காயவைத்தோம். அதுவும் மூன்றாம் தரம்தான் சரிவந்தது.

முத்தும் அப்படித்தான். 2 மில்லிமீற்றர் முத்து பொம்மையில் இருந்தால், அது மனுசரின் சட்டையில் 12 மில்லிமீற்றர் முத்து இருக்கிற மாதிரி. கடைக்காரர் காட்டிய ஆகச் சின்ன மணிகூட தேசிக்காய் போலத் தெரிந்தது. ஆறு இழை நூலில் ஒரு இழையை உருவி, முடிச்சுப் போட்டு, முடிச்சையே முத்தாக்கினோம்.

அந்தக் கவுனை வடிவமைத்தவர் நோர்மன் ஹார்ட்னல். முதலில் அவர் வரைந்ததில் பிரித்தானியாவின் சின்னங்கள் மட்டும்தான் இருந்தன. பொதுநலவாய நாடுகளின் சின்னங்களையும் சேர்க்கச் சொன்னவர் மகாராணியே. அப்படித்தான் கனடாவின் மேப்பிள் இலை, அவுஸ்திரேலியாவின் வாட்டில் பூ, பாகிஸ்தானின் கோதுமை, பருத்தி, சணல் எல்லாம் வந்தன. தாமரை மட்டும் இரண்டு. ஒன்று இந்தியாவுக்கு. மற்றது சிலோனுக்கு, அதாவது எங்களுக்கு. எங்கள் தாமரையில் ஓப்பல் கல்லும் முத்துச்சிப்பியும் இளம்பச்சைப் பட்டு நூலும்.

விரல் நீளப் பாவாடையில் இத்தனையையும் எங்கே வைப்பது? கனடாக்காரிக்குக் கேட்டு அனுப்பினோம். வொய்ஸ் வந்தது: இங்கிலாந்து ரோசாவும் மேப்பிளும் தெளிவாகத் தெரிந்தால் போதும், மற்ற இடத்தில் மினுக்கம் போட்டுவிடுங்கள். எங்களுக்கும் அது லேசாகத்தான் பட்டது. உம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னா, "நம்மட பூவ உட்டுப்போட்டு ஆருட பூவ புள்ள தைக்கப் போறீங்க?"

வரலாற்று டீச்சருக்கு உடனே வாய் அரித்தது. உம்மா, அது நாங்கள் கேட்டு வைத்த பூவா? முடிசூட்டு நடந்த அதே வருசம்தான் கூப்பன் அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாகி, ஓகஸ்ட் 12 இல் ஹர்த்தால் வெடித்தது, சூட்டில் உயிர்களும் போயின. 1954 ஏப்ரலில் மகாராணி கொழும்பில் பாராளுமன்ற அமர்வை ஆரம்பித்து வைக்க வந்தபோது இதே கவுனைத்தான் உடுத்து வந்தார், ஏப்ரல் வெயிலில்!

"அரிசிக் கத எங்கும்மா சொல்லித் தெரியும்," என்றா உம்மா. "பூவு என்ன குத்தம் செஞ்சிச்சு?"

தாமரை உம்மாவுக்கே என்று முடிவானது. ஆனால் அவவுக்கு இரண்டு கண்ணிலும் வெண்புரை. ஃபோனில் படத்தைப் பெருப்பித்துக் காட்டினாலும் புகை மாதிரித்தான் தெரியுதாம். ஒரு நாள் பாடசாலை விட்டு வரும் வழியில் குளத்தடியில் நின்ற பையனிடம் சொல்லி ஒரு தாமரை பறித்து வந்தோம். உம்மா அதைக் கையில் வைத்து ஒவ்வோர் இதழாகத் தடவித் தடவிப் பார்த்தா. பிறகுதான் ஊசியைக் கேட்டா. நூல் கோர்த்துக் கொடுப்பது மட்டும் நாங்கள்.

முத்துச்சிப்பிக்கு வழியில்லாமல் நின்றோம். உம்மா அலுமாரியைத் திறந்து வாப்பாவின் பழைய வெள்ளைச் சட்டையை எடுத்தா. அதில் இருந்தது சிப்பிப் பொத்தான். வாப்பா மௌத்தாகிப் பதினொரு வருசம், அந்தச் சட்டையை யாரும் தொட்டதில்லை. கழுத்துப் பொத்தானை அவவே வெட்டித் தந்தா. நகம் ராவும் அரத்தால் ராவி, அரிசிக் குறுணி அளவில் ஐந்து துண்டு எடுத்தோம். சட்டையை மடித்துத் திரும்ப உள்ளே வைத்தா. நாங்கள் ஒன்றும் பேசவில்லை.

ஹார்ட்னல் கவுனின் இடப்பக்கம், மகாராணியின் கை படுகிற இடத்தில், யாருக்கும் சொல்லாமல் ஒரு நாலிலைக் குளோவர் வைத்தாராம், அதிர்ஷ்டத்துக்கு. எங்களுக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அசலில் இருக்கிறதே என்று ஒரு பச்சை முடிச்சுப் போட்டிருக்கிறோம்.

போன கிழமை வேலை முடிந்தது. தாமரை ஒரு சுண்டுவிரல் நக அளவு. ஓர் இதழ் கொஞ்சம் கோணல், அதை நாங்கள் திருத்தவில்லை.

உம்மாவின் கண் ஒப்பரேசனுக்கு வருகிற மாதம் திகதி கிடைத்திருக்கிறது, துஆச் செய்யுங்கள். பார்சல் அதற்குப் பிறகுதான் போகும், கனடாக்காரி கோவிக்கக் கூடாது. தைத்த ஆள் முதலில் ஒருதரம் வடிவாகப் பார்க்கட்டும்.