அட்மின் ஆக்கியது நான்தான்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்ப்பது என் தொழில். 2016 தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒரு கம்பெனியில் நடந்த தப்புக்கு, அக்கவுண்ட்ஸ் பார்த்த பெண் திட்டு வாங்கினார். தப்பு என்னுடையது.

"அண்ணா, பீஸ் ரேட் என்ட்ரி போட்டா சேவ் ஆக மாட்டேங்குதுங்க" என்று அவர் போன் பண்ணியது அதற்கு ஒரு வருடம் முன்னால். அவர் என்ட்ரி போடும் சாஃப்ட்வேர் தன் செட்டிங் ஃபைலை புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே எழுதும். சாதாரண யூசரை விண்டோஸ் அங்கே எழுத விடாது. எங்கே தடுக்கிறது என்று பிராசஸ் மானிட்டர் போட்டுப் பார்த்து, அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் எழுதும் உரிமை கொடுத்தால் போதும். முக்கால் மணி நேர வேலை. அன்றைக்கு இன்னும் மூன்று கம்பெனிக்குப் போக வேண்டியிருந்தது. அவர் யூசரை அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்கினேன். அடிக்கடி அனுமதி கேட்கும் யூ.ஏ.சி.யையும் அணைத்தேன். இரண்டே நிமிடம்.

"ஆயிருச்சுங்களாண்ணா?"

"ஆயிருச்சு அம்மிணி."

தெரியாமல் செய்யவில்லை. ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலைக்கு வேண்டிய உரிமை மட்டும் தர வேண்டும் என்று சால்ட்சர், ஷ்ரோடர் என்ற இரண்டு கம்ப்யூட்டர் ஆய்வாளர்கள் 1975லேயே எழுதிவிட்டார்கள். 2002இல் ஸ்பைடா என்ற புழு, 'எஸ்.ஏ.' என்ற தலைமைக் கணக்குக்குப் பாஸ்வேர்டே போடாத எஸ்.க்யூ.எல். சர்வர்களாகத் தேடிப் புகுந்தது. இதெல்லாம் படித்தவன்தான் நான்.

தீபாவளிக்கு முந்தைய அந்த வாரம், டையிங் பில் என்று ஒரு மெயில் வந்தது. அக்கவுண்ட்ஸ் பெண் திறந்தார். பில் என்று வந்ததைத் திறப்பதுதான் அவருக்கு வேலை. உள்ளே இருந்த ரேன்சம்வேர், நான் கொடுத்த அட்மின் உரிமையை எடுத்துக்கொண்டு டேட்டாபேஸ் சர்வீஸை நிறுத்தியது, ஃபைலைப் பூட்டியது, விண்டோஸ் எடுத்து வைத்திருந்த பழைய நகல்களையும் அழித்தது. சாதாரண யூசராக இருந்திருந்தால் அவருடைய எக்ஸெல் ஃபைல்கள் போயிருக்கும். சர்வீஸை நிறுத்தவோ அந்த நகல்களை அழிக்கவோ அதற்கு அனுமதி இருந்திருக்காது. பேக்கப் ஹார்டு டிஸ்க்கை எப்போதும் செருகியே வைக்கச் சொன்னதும் நான்தான். அதுவும் போனது.

சனிக்கிழமை சம்பளம், கூடவே போனஸ். பீஸ் கணக்கு டேட்டாபேஸோடு போய்விட்டதால், டெய்லர்களை அவரவர் நோட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். ஓவர்லாக் டெய்லர் ஒருவர் கொடுத்த நாற்பது பக்க நோட்டு இன்னும் கண்ணில் நிற்கிறது. மெஷின் ஆயில் பட்டு ஓரம் கறுத்து, நாளுக்கு எத்தனை பீஸ் என்று பென்சிலில் வரிசையாக எழுதியிருந்தார். அவருக்குக் கணக்கு சரியாக வந்தது. நோட்டு வைக்காதவர்களுக்குக் குத்துமதிப்பாகத்தான் போட்டார்கள். யாருக்கு எவ்வளவு குறைந்ததோ, அதைத் திருப்பித் தர இனி வழியில்லை.

முதலாளி எல்லோர் முன்னாலும் அந்தப் பெண்ணைத் திட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ சொல்லு தம்பி" என்றார்.

"மெயிலைப் பாத்துத் திறக்கணுங்க" என்றேன்.

அந்தப் பெண் என்னை ஒருமுறை பார்த்தார், எதுவும் பேசவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அட்மின் ஆக்கியது சோம்பல். அந்த ஒரு வாக்கியம் துரோகம்.

அதற்குப் பிறகு நான் பார்க்கும் கம்பெனிகளில் ஒவ்வொரு மெஷினாக உட்கார்ந்து அட்மின் உரிமையை எடுத்தேன். ஃபோல்டருக்கு மட்டும் உரிமை, 'எஸ்.ஏ.'வுக்கு ஒவ்வொரு இடத்திலும் தனி பாஸ்வேர்டு, வேலை முடிந்ததும் கழற்றி வைக்கும் பேக்கப் டிஸ்க். முதலாளியிடம் உண்மையைச் சொல்ல எனக்கு மூன்று வருடம் ஆனது. அந்தப் பெண்ணிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் பழைய நம்பர் இப்போது வேறொருவரிடம் இருக்கிறது.

என் தொழிலில் இருக்கும் தம்பிகளே, நாளைக்குப் போகிற முதல் கம்பெனியில் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் பட்டியலைத் திறந்து பாருங்கள். அக்கவுண்ட்ஸ் பார்ப்பவர் பெயர் அதில் இருந்தால், முக்கால் மணி நேரம் ஒதுக்கி அதை எடுத்துவிட்டு வாருங்கள்.