விருந்துக்கு வராத விருந்தாளி

சிவகாசியிலிருந்து விருதுநகர் செல்லும் சாலை ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நீளமுடையது. திருத்தங்கல், ஆமத்தூர் வழியே செல்லும் அச்சாலையின் இருமருங்கிலும் வானம் பார்த்த பூமியும் சீமைக் கருவேலமும் விரிந்து கிடக்கின்றன. மழை பொய்த்த இம்மண்ணிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். பின்னர் பட்டாசும் அச்சுத் தொழிலும் தழைத்தன. இன்று நாட்டின் பட்டாசில் பெரும்பகுதி இவ்வட்டாரத்து மக்களின் கைகளிலேயே உருவாகிறது.

பட்டாசு ஆலைகளை முதன்முறை காண்போர் வியப்படைவர். பெரிய கட்டடம் ஏதும் இராது. சிறு சிறு அறைகள் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுத் தனித்தனியே நிற்கும். நடுவே வேப்பமரங்கள் நிழல் தரும். ஓர் அறையில் நால்வருக்கு மேல் வேலை செய்யலாகாது என்பது விதி. ஓரிடத்தில் விழும் பொறி மற்றோரிடத்திற்குத் தாவலாகாது என்பதே இதன் நோக்கம். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இடைவெளியின் அருமையை இவ்வூர் மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஆலையில் அறிந்த இப்பாடத்தை நாம் வீட்டில் மறந்துவிடுகிறோம்.

கடந்த தை மாதத்து ஞாயிறு ஒன்றில், காலைத் திருப்பலி முடிந்ததும் விருதுநகரில் ஒரு காதுகுத்து விழாவிற்குப் புறப்பட்டோம். தாய்மாமன் குடும்பம் திருத்தங்கலை அடுத்த சிற்றூரில் வாழ்கிறது. அவர்களையும் வேனில் ஏற்றிச் செல்வதாக ஏற்பாடு. வாசலில் சீர்த் தட்டுகள் ஆயத்தமாயிருந்தன. உள்ளேயோ வாக்குவாதம். ஐந்து மாதக் கைக்குழந்தைக்கு முதல் நாள் இரவிலிருந்து காய்ச்சலும் இருமலும். தாய் கண்கலங்கி நின்றாள்.

“ஒரு மணி நேரந்தானே சாமி, போர்த்தித் தூக்கிக்கிட்டுப் போயிடலாம்” என்றார் தந்தை. பாட்டிக்கோ வேறு கவலை. “மாமன் வீட்டுப் பொம்பளை இல்லாம சபையில காது குத்தினா, நாலு பேரு என்ன பேசுவாங்க சாமி?”

அவர்களைக் குறை கூற நமக்குத் தகுதியில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில், ஞானஸ்நான விருந்தொன்றிற்குத் தயங்கிய தாயிடம், “பரவாயில்லை, தூக்கி வாருங்கள், ஆண்டவர் பார்த்துக்கொள்வார்” என்று கூறியவர் நாமே. காய்ச்சலோடு வந்த அக்குழந்தை கைமாறிக் கைமாறிக் கொஞ்சப்பட்டது. மூன்றாம் நாள் அதன் உடலெங்கும் தட்டம்மை தடித்தது. இரண்டு வாரங்களுக்குள் அவ்விருந்திற்கு வந்திருந்த வேறிரு கைக்குழந்தைகளுக்கும் அந்நோய் கண்டது. அவற்றுள் ஒன்று நிமோனியா முற்றிப் பல நாள் மருத்துவமனையில் கிடந்து பிழைத்தது. ஆண்டவர் பார்த்துக்கொண்டார், பார்க்கத் தவறியவர் நாமே.

தட்டம்மை, உடலில் தடிப்புத் தோன்றுவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே பிறருக்குத் தொற்றும். நோயாளி வெளியேறிய பின்னரும் அதன் கிருமி இரண்டு மணி நேரம் வரை அறைக் காற்றில் நிற்கக்கூடும். நம் நாட்டில் அதற்கான முதல் தடுப்பூசி 9 மாதம் நிறைந்த பின்னரே போடப்படுகிறது. எனவே மண்டபத்துக்கு வரும் பச்சிளங் குழந்தைகளுக்கு அக்கவசம் இராது. கக்குவான் இருமலுக்கான தடுப்பூசியோ 6, 10, 14ஆம் வாரங்களில் மும்முறை போடப்படுகிறது. சாதாரணச் சளியென்று நாம் எண்ணுவது இன்னதென்று முதல் நாளில் யார் அறிவார்?

அன்று நாம் கைக்கடிகாரத்தைக் கழற்றினோம். மருத்துவத் தொண்டாற்றிய அருட்சகோதரி ஒருவர் கற்பித்த முறை அது. குழந்தை அழாமல் அமைதியாயிருக்கையில், அதன் வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுவதும் எண்ண வேண்டும். இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு முதல் பன்னிரண்டு மாதம் வரை 50, அதன்பின் ஐந்து வயது வரை 40. மூச்சு இவ்வெண்ணை எட்டினாலோ மிஞ்சினாலோ, உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். மூச்சிழுக்கையில் விலாவின் கீழ்ப்பகுதி உட்குழிதல், பால் குடிக்க இயலாமை, வலிப்பு, எழுப்பினாலும் விழியாத மயக்கம் ஆகியவையும் அபாய அறிகுறிகள். மூன்று மாதத்திற்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் 100.4 பாகையைத் தொட்டாலே காத்திருத்தல் கூடாது.

நாற்பத்து நான்கு மூச்சுகள். பால் குடித்தது, விலா உட்குழியவில்லை. அபாயம் இல்லை. ஆயினும் மண்டபத்திற்குரிய நிலையும் அன்று. தாயும் சேயும் வீட்டிலிருக்க, பக்கத்து வீட்டு மூதாட்டி துணையிருக்க, தந்தையும் பாட்டியும் புறப்படுவதென முடிவாயிற்று. மாலையில் மருத்துவரிடம் காட்டுவதென்றும், அதற்குள் மேற்சொன்ன அறிகுறி ஏதேனும் தோன்றினால் நொடியும் தாமதியாமல் புறப்படுவதென்றும் தாயிடம் கூறினோம். “நாத்தனார் மனம் வருந்துவாரே” என்றாள் அவள். “பழியை எம்மீது போடுங்கள்” என்றோம்.

விருதுநகர் மண்டப வாயிலில் மாமன் சீரை வரவேற்க வெடி வெடித்தனர். கந்தகப் புகை முகத்தில் அடித்தது. சீர்த் தட்டேந்தி அவ்விடத்தில் நின்றிருக்க வேண்டியவள் அந்தத் தாய். அவள் இடுப்பில் அந்த இருமும் குழந்தை! 2015இல் தில்லியில் ஓரிரு வயதும் நிரம்பாத மூன்று குழந்தைகளின் பெயரால், பட்டாசுப் புகைக்கெதிராக உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்யப்பட்டது நினைவிற்கு வந்தது. 2018 அக்டோபர் 23ஆம் நாள் தீர்ப்பில், தீபாவளியன்று இரவு 8 முதல் 10 மணி வரை மாசு குறைந்த பட்டாசுகளை மட்டுமே வெடிக்கலாம் என்றும், பேரியம் உப்புகளைப் பயன்படுத்தலாகாது என்றும் வரையறுத்தனர். நம் மக்களின் பிழைப்பை உலுக்கிய தீர்ப்பு அது. அதன் வேதனையை நாம் அருகிருந்து கண்டோம். எனினும் சிறு நுரையீரலுக்குப் புகை ஆகாதென்பதைப் பட்டாசுத் தொழிலாளியான இக்குழந்தையின் தந்தையே மறுக்கமாட்டார்.

“மதினி வரலையா சாமி?” விழா வீட்டுத் தாயின் முகம் வாடிற்று. நாம் நடந்ததைக் கூறினோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர் மண்டபத்தின் மூலையில் அமர்ந்திருந்த தம் தங்கையை நோக்கினார். அவள் மடியில் நாற்பது நாள் குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. “நல்லதுதான் செஞ்சீங்க சாமி” என்றார் மெல்ல. மாமன் மடியில் அமர்த்திக் காது குத்தப்பட்டது. நாம் திரும்புகையில் மதினிக்கென ஒரு தூக்குவாளி நிறையச் சோறும் பாயசமும் வேனில் ஏறின.

அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவது நம் பக்கத்து வழக்கம். அதைக் கண்டவர் உள்ளே நுழையார். அவ்வீட்டாரும் விழாக்களுக்குச் செல்லார். ‘ஏன் வரவில்லை?’ என்று அவர்களை எவரும் கேட்பதில்லை. காய்ச்சலுக்கும் இருமலுக்கும் அத்தகைய வேப்பிலை இல்லை. ஆதலால் தாயொருத்தி தானே வாய்திறந்து, ‘வர இயலாது’ என்று சொல்லிப் பழியேற்க வேண்டியிருக்கிறது.

வாசக அன்பர்களே, அப்பழியை அவளிடமிருந்து எடுத்துவிடும் ஆற்றல் விழா எடுப்போர் கையில் உள்ளது. பத்திரிகை வைத்து அழைக்கும்போதே, “பிள்ளைக்குச் சுகமில்லையென்றால் வர வேண்டா, நாங்கள் வந்து பார்க்கிறோம்” என்று ஒரு சொல் சேர்த்துச் சொல்லுங்கள். எட்டாம் நாள், காய்ச்சல் தணிந்த அக்குழந்தையைக் காண அந்த நாத்தனார் காது குத்திய மகளோடு பேருந்தேறித் திருத்தங்கல் வந்திறங்கினார் என்று கேள்வியுற்றோம்.