மலைத் தீவும் மலைப் பிள்ளைகளும்

பழனிமலைத் தொடரைத் தீவென்றால் நம் கலாசாலை நண்பர்கள் நகைப்பர். கடல் எங்கே என்று வினவுவர். ஆயினும் உயிர்நூல் வல்லார், சோலைக் காடுகள் பொருந்திய இம்மலைமுடிகளை வான்தீவுகள் என்றே வழங்குகின்றனர். வெப்பம் மிக்க சமவெளி கடல்போற் சூழ்ந்து நிற்றலின், ஆங்குள்ள செடிகளும் புட்களும் பல கீழிறங்கிப் பரவ மாட்டாமல் தத்தம் முடியிலேயே தங்கிவிட்டன.

புள்ளுக்கு இயலாத அது மலையிற் பிறந்த இளைஞர்க்கு மிக எளிதாயிற்று. பூம்பாறையினின்றும் மன்னவனூரினின்றும் நம்மிடம் வந்து கற்றோருள், பட்டம் பெற்றபின் வத்தலக்குண்டு வழியே மேலேறிச் சென்றவர் மிகச் சிலரே. சென்னையும் பெங்களூரும் ஏனையோரை ஈர்த்துக்கொண்டன. அவர்களைக் குறை கூற நாம் ஒருப்படோம். மேலே அவர்கட்குக் காத்திருப்பது யாது? விடுதிப் பணி, வாடகை வண்டி, பூண்டு வயல். (பூண்டை இழிவாகச் சொன்னோமல்லோம், கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பெருமையுடையது.) கணக்கும் பௌதிகமும் கணிப்பொறியும் கற்றவன், கற்ற அதனைக்கொண்டே மலையில் வாழ வழியுண்டா என்பதே நாம் இங்கு எடுத்துக்கொண்ட வினா.

அதற்கு விடை மலையிலேயே ஒருபாதி கிடக்கிறது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தின் பின்னர், மழைக்கும் கதிரவன் முகத்துத் தோன்றும் கரும்புள்ளிகட்கும் தொடர்பு உண்டோ என ஆராயும் விருப்பம் வலுத்தது. மிச்சி ஸ்மித் என்பார் மலைகள் பலவற்றை ஆய்ந்து நோக்க, கொடைக்கானல் தேர்வாயிற்று. 1899-இல் அங்கே வான ஆய்வுக்கூடம் நிலைபெற்றது. 1909-இல் ஜான் எவர்ஷெட் கரும்புள்ளியினின்று வளி வெளிநோக்கிப் பாய்வதை இங்கிருந்தே கண்டறிந்தார்; உலகம் அதனை இன்றும் எவர்ஷெட் விளைவு என்கிறது.

எவர்ஷெட்டின் பெயரை நூல்கள் கூறும். வானம் தெளிந்த காலைதோறும் கூரையைத் திறந்து, தொலைநோக்கியைத் திருப்பி, கண்ணாடித் தகட்டிற் கதிரவனைப் பதித்தவர் பெயரை அவை பெரும்பாலும் கூறா. அவருள் ஒரு குடும்பத்தார் பாட்டன், தந்தை, மகன் என மூன்று தலைமுறையாக இப்பணி செய்தனர். நூறாண்டைக் கடந்த அப்படத் தொடர் உலகில் மிக அரிது. அதன் தகடுகள் இக்காலத்திற் கணிப்பொறிக்கு ஏற்ற வடிவில் மாற்றப்பட்டுள்ளன. தொழில் உள்ள வீட்டிற் பிறந்தவர்க்குத் தொழில் தானே வந்தது. வேலிக்கு அப்பாற் பிறந்தவர்க்கு?

ஒருமுறை மாணாக்கர் சிலருடன் அக்கூடத்தைக் காணச் சென்றோம். எல்லாரும் தொலைநோக்கியைச் சூழ்ந்து நிற்க, மேல்மலை மாணாக்கன் ஒருவன் மட்டும் வாயிலிலேயே நின்றான். காரணம் வினவினோம். "சிறு வயது முதல் இந்தக் கூரையைப் பேருந்திலிருந்து பார்த்து வருகிறேன், ஐயா. உள்ளே வருவோர் வெளியூர்ப் படிப்பாளிகள் என்று எண்ணியிருந்தேன், நானும் வரலாமென்று தெரியாது" என்றான். அவன் இப்பொழுது பெங்களூரில் ஒளிக்கருவிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருக்கிறான். கைத்திறன் மிக்கவன். அவன் தாயார் மட்டும் மேலே இருக்கிறார்.

இதே இடர் பசிபிக் கடலின் ஹவாய்த் தீவுகளில் இன்னும் கூர்மையாக எழுந்தது. அங்கே 4,205 மீட்டர் உயர்ந்த மௌனா கேயா மலையிலும், மவுயித் தீவின் ஹாலேயாகலா மலையிலும் உலகின் பெருந்தொலைநோக்கிகள் சில நிற்கின்றன. ஹாலேயாகலா என்பதற்குக் கதிரவன் இல்லம் என்பதே பொருள். கதிரவனை ஆராயும் 4 மீட்டர் ஆடியுடைய தொலைநோக்கியும் அங்கேதான் உளது. ஆயினும் பொறியாளர் பலர் கடல் கடந்து வந்தோர். தீவுப் பிள்ளைகளோ வேலை தேடிக் கடல் கடந்து சென்றோர். மலையைத் தெய்வமாகப் போற்றும் பழங்குடியினர் 2019-இல் மௌனா கேயாவில் புதியதொரு தொலைநோக்கி எழாதவாறு வழிமறித்து நின்றதற்கு வேறு காரணங்கள் முதன்மையானவை. எனினும் தம் பிள்ளைகள் உள்ளே இல்லாத கட்டடத்தின்மீது ஊரார்க்கு அன்பு பிறப்பது அரிதே.

இவ்விடர் நோக்கி, 2003-இல் மவுயியில் அகமாய் என்னும் பயிற்சித் திட்டம் தொடங்கப்பட்டது. அச்சொல் அவர் மொழியில் அறிவுக்கூர்மையைக் குறிப்பது. தீவிற் பிறந்தோ பயின்றோ வரும் கலாசாலை மாணாக்கரைத் தேர்ந்து, சின்னாள் ஆயத்தம் செய்வித்து, கோடை விடுமுறையில் ஏறத்தாழ எட்டு வாரம் ஆய்வுக்கூடத்திலோ தொழில் நிலையத்திலோ அமர்த்தினர். உதவித்தொகையும் தங்க இடமும் அளித்தனர். நாம் வியந்தது பிறிதொன்று. தேநீர் கொணரவும் தாள் அடுக்கவும் அவர்களை ஏவவில்லை; நிலையத்திற்கு மெய்யாகவே வேண்டிய வேலையொன்றை ஒவ்வொருவர் கையிலும் தந்து, அதனை முடிக்கும் பொறுப்பையும் தந்தனர். முடிவில் அவரவர் தம் வேலையை அவைமுன் எடுத்துரைத்தல் வேண்டும். மகன் பகலெல்லாம் செய்வது இன்னதென்று ஊர் அறிதற்கு இதனினும் நல்ல வழி நமக்குத் தோன்றவில்லை.

நம் மலையில் அத்தகைய வேலை இல்லையென்பார்க்கு ஒன்று கூறுவோம். பழனிமலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பதாண்டுகளில் மறைந்ததெனச் செயற்கைக்கோட் படங்களைக் கொண்டு அளந்த ஆராய்ச்சியொன்று 2018-இல் வெளிவந்தது. அயல்மரத் தோப்புகளும் வேளாண்மையும் அதனை விழுங்கின. அவ்வளவைத் தொடர்வதற்குக் கணிப்பொறி வல்லாரும் வேண்டும், எந்தச் சரிவில் எந்த ஆண்டு வாட்டில் மரம் நட்டனர் என்பதை அறிந்தாரும் வேண்டும். இரண்டும் ஒருவனிடத்தே அமைதல் மன்னவனூர்ப் பிள்ளைக்கன்றி வேறு யார்க்கு எளிது? கதிரவன் படங்களிலும் கணித்துப் பார்க்க வேண்டியது இன்னும் எத்துணையோ உண்டு.

எட்டு வாரப் பயிற்சி உத்தியோகம் ஆகாது என்பது மெய்யே. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011-இல் ஸோஹோ நிறுவனம் கணிப்பொறி அலுவலகம் திறந்தமையால் ஊரிலேயே ஊதியமும் கிடைத்தது. அது வாணிகம், தருமமன்று. எனினும் வாயிலிலேயே தயங்கி நிற்பவனை உள்ளே அழைக்கும் முதற்பணியை வாணிகர் செய்யுமளவும் காத்திருத்தல் வேண்டுவதில்லை.

கொடைக்கானலில் வீடுடைய பழைய மாணவர் சிலரை நாம் அறிவோம். மேல்மலையினின்று நாள்தோறும் பேருந்தில் வந்து மீள்வது பயிற்சிக்கு ஒவ்வாது. கதிரவனைத் தெளிவாகக் காணும் வேளையோ விடியலை அடுத்த சில நாழிகைகளே. ஆதலின் ஆய்வுக்கூடச் சாலைக்கு அண்மையில் இருவர் தங்க ஓர் அறையும், எட்டு வார உணவும், கைச்செலவுக்குச் சிறு தொகையும் அவர்களிடம் கேட்கிறோம். மே மாதத்தில் அவ்வறைக்கு எத்துணை வாடகை கிடைக்குமென்பதும் நமக்குத் தெரியும்; தெரிந்தே கேட்கிறோம்.